என் சாவுக்கு வந்த கோடிப்புடவை

அண்ணனூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி உலகநாதனுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே உன் நைனா சௌக்கியம், பசுவும் கன்றும் சௌக்கியம், நானும் சௌக்கியமாக, உயிரோடுதான் இருக்கிறேன். இதைத் தனியாக எழுதவேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தவன் நீ, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். ரங்கூனில் உன் க்ஷேமம் எப்படி என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. எப்போது கேட்டாலும் க்ஷேமம், பரம திருப்தி என்றுதான் எழுதுவாய். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

போன கப்பலில் வந்த உன் கடிதத்தைப் படித்தேன். பட்டாபிராமில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி நான் மூன்று கடிதமாகக் கேட்கிறேன், நீ பதில் எழுதுவது உன் அறை ஜன்னலைப் பற்றி. காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிகிறதாம், மரக்கம்பெனி ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு பக்கம் எழுதிவிடுகிறாயாம், சாயங்காலம் ஒரு டீ, கொஞ்சம் படிப்பு, வருஷத்துக்குள் ஒரு நாவல், இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறாய். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், எழுதினால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். சரி, பையன் அவன் போக்கில் சந்தோஷமாக இருக்கிறான், நாம் ஏன் நச்சரிக்கவேண்டும் என்று உன் நைனாவும் சொன்னார், நானும் மனசை ஆற்றிக்கொண்டேன். அப்படி ஆற்றிக்கொண்ட அந்த வாரத்தில்தான் பட்டணத்துப் பத்திரிகையில் உன் கதை வந்திருக்கிறது. வந்ததை நீ எனக்கு எழுதவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நான் பின்பக்கம் வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து ஒப்பாரி கேட்டது. குரல் தெரிந்த குரல், என் தம்பி பெண்சாதி எல்லம்மா. கரையான்சாவடியிலிருந்து இவள் அழுதுகொண்டு வருகிறாள் என்றால் என் தாய் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். கையைக்கூடக் கழுவவில்லை, அப்படியே ஓடினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, எங்களை உட்டுட்டுப் போயிட்டியே அண்ணி என்று கத்திக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், நானும் கட்டிக்கொண்டு யார் என்ன என்று கேட்காமல் அவளுக்குமேல் அழுதேன். வாசலில் உட்கார்ந்து மார் அடித்துக்கொண்டு அழுதோம். என் சாவுக்கு நானே அழுதேன் உலகநாதா, நன்றாகத்தான் அழுதேன். உன் மாமன் கோதண்டம் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, தாம்பாளத்தில் கோடிப்புடவையும் மாலையுமாக வந்து என்னைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. இன்னாக்கா, நீ உயிரோடவா கீறே, உன் புள்ள பொஸ்தகத்துல வேற மாதிரி எழுதிகீறானே என்று கோபமாகக் கேட்டான். உயிரோடு இருந்து நான் என்னவோ அவனை ஏமாற்றிவிட்டதுபோல.

நடந்தது இதுதான். கரையான்சாவடியில் சவரக்கடையில் யாரோ உன் கதையை உரக்கப் படித்திருக்கிறார்கள். அண்ணனூரில் என் தாயார் கன்னியம்மாள் காலமானதாகத் தந்தி வந்தது என்றுதான் கதை ஆரம்பிக்கிறது, தலைப்புக்குக் கீழே உன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அச்சில் வந்தது பொய்யாக இருக்கும் என்று உன் மாமனுக்கு எப்படித் தோன்றும். தாய் வீட்டுக்குச் சேதி சொல்லாமல், பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எப்படி எடுத்தீர்கள் என்று உன் நைனாவிடம் சண்டை போடவே வண்டி கட்டியிருக்கிறான். ஊர் பேரையாவது மாற்றியிருக்கக்கூடாதா. உலகத்தில் பேருக்கா பஞ்சம். என் மோவாயில் இருக்கும் மருவைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. நிஜப் பேரைப் போட்டால்தான் பேனா ஓடுகிறது என்று முன்பு ஒருதரம் எழுதினாய், ஓடட்டும், ஆனால் அது என்மேல் ஏறி ஓடவேண்டுமா.

அதற்குள் தெரு முழுவதும் கூடிவிட்டது. எதிர்வீட்டுத் துலுக்கானம் இருக்கிறானே, அவன் எல்லோருக்கும் கேட்கும்படி, அக்கரைக்குப் போன புள்ள பெத்தவளையே கொன்னு பேர் வாங்கிகினான் பாரு என்றான். எனக்கு உன்மேல் இருந்த கோபம் மலையளவு. ஆனால் அவன் வாயால் உன்னைச் சொன்னதும் பொறுக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், காக்கா தலையில தட்டிடுச்சு, அதனாலதான் நானே என் புள்ளைய அப்படி எழுதிப் போடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். காக்கை தலையில் தட்டினால் கண்டம் என்று உறவுக்காரர்களுக்குச் சாவுச் சேதி அனுப்பி, அவர்கள் அழுதபிறகு பொய் என்று சொல்வது இந்தப் பக்கத்தில் இருப்பதுதானே. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. எல்லம்மா மூக்கைச் சிந்திவிட்டு, நாங்க நெஜமாவே அழுதோம் அண்ணி, உன் கண்டம் போயிடுச்சு, இனிமே உனக்கு ஆயுசு கெட்டி என்றாள். தபாலில் ஆளுக்கொரு கார்டு போடாமல் ஊருக்கே ஒரே பத்திரிகையில் போட்டானே, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று கோதண்டமும் உன்னை மெச்சிக்கொண்டான். உன் பேர் தப்பியது. மாட்டிக்கொண்டவள் நான். எல்லம்மா ஊருக்குப் போகமாட்டேன் என்று இங்கேயே தங்கி எனக்குத் தலைமுழுக்கு, சனிக்கிழமை எள் விளக்கு, காலையில் காக்கைக்குச் சோறு என்று பரிகாரம் செய்துகொண்டிருக்கிறாள். சோறு கண்ட காக்கைகள் எல்லாம் இப்போது நம் கூரையில்தான் இருக்கின்றன. உண்மையாகவே ஒன்று தட்டிவிடும்போல் இருக்கிறது.

அந்தக் கோடிப்புடவையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோடியாக வந்ததைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாதாம், உயிரோடு இருப்பவள் கட்டவும் கூடாதாம். அரக்கு நிறம், கையகலக் கரை. உயிரோடு இருந்தவரையில், பார், நானும் அப்படியே எழுதுகிறேன், இத்தனை வருஷத்தில் கோதண்டம் எனக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்ததில்லை. மாட்டுக் கொட்டகை மூங்கிலில் தொங்குகிறது. பசுவுக்குத் தீனி வைக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கவேண்டியிருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன்.

சாட்சிக்காகக் கோதண்டம் பத்திரிகையை மடியில் கட்டி வந்திருந்தான். அன்று சாயங்காலம் உன் நைனாவுக்கு நான் அதைப் படித்துக் காட்டினேன். நாலாங்கிளாஸ் படிப்பு இதற்காவது உதவிற்று. நீ நன்றாகத்தான் எழுதுகிறாய். ஈர விறகை ஊதும்போது நான் அடுப்பைத் திட்டுவதை எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டு உன் நைனா சிரித்தார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் அறையைவிட்டு வருகிறான், அந்தக் கட்டடத்தில் சொல்லி அழ ஒருத்தர் இல்லை, டீக்கடைக்குப் போய் பர்மாக்காரனிடம் அம்மா செத்துவிட்டாள் என்று தமிழில் சொல்கிறான், அவன் புரியாமல் சிரித்துக்கொண்டே இன்னொரு கோப்பை டீ ஊற்றுகிறான் என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் படித்து நான் நிறுத்தினேன். உன் நைனா, அப்பால அந்தப் புள்ள எதுனா துன்னானா என்று கேட்டார். மிச்சத்தையும் படித்துப் பார்த்தேன், கதையில் அது இல்லை. உனக்குத் தெரிந்தால் அவருக்கு எழுது.

எனக்கு எழுதவேண்டியது வேறு. கடிதத்தில் நீ எழுதும் திருப்தி நிஜமா, கதையில் எழுதும் டீக்கடை நிஜமா. கதை வேறு நான் வேறு என்று சொல்லாதே. என் பேரும் என் மருவும் அடுப்பும் நிஜமாக இருக்கும்போது அந்தப் பையன் மட்டும் எப்படிப் பொய்யாவான். கல்யாணம் வேண்டாம், தனியாக இருந்து எழுதப்போகிறேன் என்றால் எனக்குக் கஷ்டம்தான், பெண்ணைப் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன் என்று எழுத மனசு வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் எழுதாதே என்று நான் எப்போதாவது சொன்னேனா. ஆறு தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுது, நாவல் எழுது. சொல்ல ஆளில்லாமல் அழுதுகொண்டு எனக்கு மட்டும் க்ஷேமம் என்று எழுதாதே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோடிப்புடவையைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று, இதை நீ கட்டாயம் திருத்தவேண்டும். கதை முடிவில் ஊரிலிருந்து வரும் கடிதத்தில் அந்த அம்மாவின் கடைசி வார்த்தை வருகிறது. அவன் எழுதிக்கொண்டிருப்பான், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடினாளாம். சவரக்கடையில் அந்த இடத்தில் எல்லோரும் அழுதார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் என்னோடு பழகி நீ தெரிந்துகொண்டது இவ்வளவுதானா. கன்னியம்மாள் அப்படிச் சொல்லமாட்டாள். எழுதனது போதும், புள்ளைய வரச் சொல்லு என்றுதான் சொல்வேன். நீ வருகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதுவும் சாகும்போது சொல்வதற்காக எடுத்து வைத்திருக்கும் வார்த்தை இல்லை, இப்போதே சொல்கிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளி, டீயைக் குறைத்துக்கொள், மழையில் நனைந்துகொண்டு ஆபீசுக்குப் போகாதே. எல்லா சௌபாக்கியமும் பெற்று, கை ஓயாமல் எழுதி, நூறு வயசு இருக்க உனக்கு எங்கள் ஆசீர்வாதம், உன் நைனாவும் சொல்லச் சொன்னார். தை பிறப்பதற்குள் லீவு கேட்டுக்கொண்டு வந்து சேர். வரும்போது ரங்கூன் கடையில் எனக்கு ஒரு புடவை வாங்கி வா. கரை சின்னதாக இருந்தாலும் சரி, உயிரோடு இருப்பவள் கட்டிக்கொள்வதாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
மேலே சொன்ன ஊரில், பழைய விலாசத்திலேயே இன்னும் இருக்கும் உன் அம்மா,
கன்னியம்மாள்.