ஒரு வாய் இளநீர்

11.2.2014
அவர் விடியற்காலையிலேயே நைட்டி மூட்டைகளோடு கரியாலூருக்கு வியாபாரத்துக்குக் கிளம்பினார். மலை மிளகு வாங்கி வரச் சொன்னேன். கட்டாயம் மறப்பார். சண்டைக்குக் காரணம் இப்போதே தயார்.

12.2
அவர் போன வேன் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. அவர் தொடைமேலேயே வெகுநேரம் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "மொளகு..." என்றார். பாவி மனுஷன், அழவைத்துவிட்டார்.

ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு குறைந்திருக்கிறதாம். டாக்டர் தங்கமணி சொன்னார்: "அடிபட்ட அதிர்ச்சியில அட்ரினலின் ஜாஸ்தி சுரக்கும்மா. அது உப்பை செல்லுக்குள்ள தள்ளிடுது. உடம்பை விட்டு எங்கயும் போகல, தானா திரும்பி வரும். நசுங்கின சதையிலேருந்தும் வரும். அளவு மீறி ஏறினா இதயமே நின்னுடும், அதான் பயம். இளநீர், பழத்துல அந்த உப்பு நெறைய, எதுவும் கூடாது."

என் மாமியார் ரசூல் பீவியின் காதில் 'உப்பு கம்மி' மட்டும்தான் விழுந்தது.

13.2
பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எல்லார் கையிலும் இளநீர். வாங்கி வாங்கிக் கட்டிலடியில் தள்ளுகிறேன்.

"ஜாபருக்கு நாக்கு வறண்டுகினு கெடக்குது. ஒரு வாய் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? கல்நெஞ்சுடி உனக்கு!" என்றார் மாமி. பெற்றவள்.

14.2
சிறுநீர் சரியாகப் போகவில்லை. உப்பு ஏறுகிறதாம். யா அல்லா.

15.2
போய்விட்டார்.

18.2
இன்றுதான் எழுத முடிகிறது. அன்றைக்கு மருந்து வாங்கக் கீழே போய்த் திரும்பினேன். அவர் உதடு ஈரமாக இருந்தது. கட்டிலடியில் மூன்று காய்கள் வெட்டிக் கிடந்தன. மாமி முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில்தான் எவ்வளவு நிம்மதி! டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டுப் பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது.

"யாரும்மா இளநீர் குடுத்தது?"

மாமி வராந்தாவில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை.

"இளநீர் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறேன்.

9.3
இத்தா. புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மாமி பேசுவது திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது.

"இவ ஒரு வாய் இளநீ குடுக்கவுடல. நான்தான் திருட்டுத்தனமா குடுத்தேன். வயிறு குளுந்துதான் எம் புள்ள போனான்."

பொறுக்க முடியாமல் எழுந்து திரைவரை போனேன். 'அந்த இளநீர்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.