இழுத்து அளந்த கயிறு

மார்ச் 3, திங்கள்
ஐரோப்பாவுக்கு அனுப்பும் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரநிலையில் புதிய பதிப்பு வந்துவிட்டது. எங்கள் சரக்கு போய்ச் சேர்வதற்குள் பழையது செல்லாமல் போய்விடும். கயிறு கட்டி இழுத்து விளையாடும் வாத்து பொம்மையின் சான்றிதழில் பதிப்பின் ஆண்டை மாற்றினேன். தரநிலையின் முன்பக்கத்தில் உள்ள மாற்றப் பட்டியலில், கயிற்றுக்கு எதிரே 'சொல் திருத்தம்' என்று மட்டும் இருந்தது. 'பாதிப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. பாப்பாவுக்குக் காய்ச்சல், வீட்டுக்கு ஓட வேண்டும்.

மார்ச் 5
காய்ச்சல் விட்டது. என் கன்னத்தைக் கடித்தாள். அப்பாடா.

மார்ச் 6, வியாழன்
வீட்டிலிருக்கும் மாதிரி வாத்தைக் கட்டில் காலில் மாட்டி இழுத்தாள் பாப்பா. ரப்பர் கலந்த கயிறு, நீண்டுகொண்டே போனது. தரநிலையை முழுக்கப் படித்தேன். முன்பு கயிற்றைத் தளர்வாக வைத்து அளந்தால் போதும். இனி எடை கட்டி இழுத்து அளக்க வேண்டும். அவர்களுக்கு அது 'சொல் திருத்தம்'! இழுத்தால் நம் கயிறு வரம்பைவிட நாலு சென்டிமீட்டர் அதிகம். குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடும்.
நாலாயிரம் வாத்து பெட்டிக்குள். திங்கட்கிழமை லாரி. சொன்னா வேலை போயிடுமா? சொல்லாம விட்டா — ஐயோ, யார் பெத்த பிள்ளையோ.
இவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "திட்டுதானே? எனக்கு தினம் குடுக்கற. ஒரு நாள் வாங்கித்தான் பாரேன்" என்றார். சிரித்தேன், அழுதுகொண்டே.

மார்ச் 7
சொல்லிவிட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதாம்மா?" அவ்வளவுதான். பிறகு வெளியே வந்து, "பெட்டியெல்லாம் பிரிங்க" என்றார்.
தையல் பிரிவு அக்கா விடவில்லை: "உன் வாத்துக்கு முடிவெட்ட நாங்களா? நீயும் கத்தரியோட வந்து உக்காரு!" உட்கார்ந்தேன். கயிற்றை வெட்டி, முடிச்சுப் போட்டு, விரலெல்லாம் கொப்புளம்.

மார்ச் 11
லாரி ஒரு நாள் தாமதமாகப் போனது. பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, எடை கட்டி அளந்தேன். எல்லாம் அளவுக்குள்.

மே 19
துணிப் பொம்மைகளின் கண்களுக்கான தரநிலையிலும் புதிய பதிப்பு. என் அறைக்கு எடுத்துப்போகப் பார்த்தேன். தையல் பிரிவைக் கடக்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி தனியா ஓடற? இங்கேயே உக்காந்து படி, எங்களுக்குப் புரியற மாதிரி. பட்டியல் வேணாம், மொதல்லேர்ந்து."
மூன்றாவது பத்தியிலேயே, பஞ்சு அடைக்கும் பெண் கேட்டாள்: "கண்ணை இழுத்துப் பாக்கறது காஞ்ச பொம்மையிலயா, நனைச்சதுலயா?"
எனக்குத் தோன்றியிருக்காது. புரட்டிப் பார்த்தேன்.
"நனைச்சு" என்றேன். இதுவரை நாங்கள் இழுத்துப் பார்த்ததெல்லாம் காய்ந்த பொம்மையைத்தான்.
ஒவ்வொரு இயந்திரமாக நின்றது.