நீலமாகத் தெரியும் பட்டை

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நம் வாலுப் பெண்ணுக்குச் சளி நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. கப்பல் எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து அப்படியே பனிக்காற்றில் போய் நிற்கிறீர்களாமே? சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்!

போன வாரம் அலுவலகத்தில், நீங்கள் இருக்கும் துருவக் கடலின் ஒரு வருடத்துச் செயற்கைக்கோள் தரவுகளைப் படங்களாக்கி வரிசையாக ஓடவிட்டேன். பனிக்கு வெள்ளை, திறந்த கடலுக்கு நீலம். நிறம் பூசியது நான்தான், ஆனாலும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு கண்டம் அளவுக்குப் பனி பரவுகிறது, கரைகிறது, மறுபடி பரவுகிறது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதுபாட்டுக்கு நடக்கிறது. வாலு எட்டிப் பார்த்து, இதுக்கு உயிர் இருக்காம்மா என்று கேட்டாள். அப்பா எங்க என்றாள். ஒரு புள்ளியைக் காட்டினேன். அந்த ஒரு புள்ளியே நம் ஊரைவிடப் பெரிது, அதற்குள் உங்கள் கப்பல் ஒரு தூசி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எங்கள் அலுவலகத்திலிருந்து உங்கள் கேப்டனுக்குப் போன படத்தில், வெள்ளைக்கு நடுவே நீலமாக ஒரு வழி தெரியும். நாளைக்கு அதில் புகுந்து குறுக்கே வந்துவிடலாம் என்று அவர் குஷியாகப் பதில் போட்டிருக்கிறார். இன்று பார்க்கிறேன், அதன் இரண்டு ஓரமும் நேர்க்கோடு! கடல் எங்கேயாவது ஸ்கேல் வைத்துக் கோடு போடுமா? தோண்டிப் பார்த்தால், அந்தப் பட்டைக்கு நேற்றுத் தரவே வரவில்லை. ‘பனி இல்லை’ என்றாலும் பூஜ்யம், ‘தெரியவில்லை’ என்றாலும் பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கிறது. பாவி நான், இரண்டுக்கும் நீலத்தைப் பூசிவிட்டேன்.

உடனே அந்த இடத்தைக் கறுப்பாக்கி வேறு படம் அனுப்பினேன். கேப்டனிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை, பார்த்தாரோ இல்லையோ. இந்த மெயிலைப் படித்த கையோடு அவரிடம் ஓடுங்கள். எம் பொண்டாட்டி சொன்னா என்றே சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

அங்கே வெறும் தண்ணீரும் இருக்கலாம், கப்பலை நசுக்கும் பனியும் இருக்கலாம். அவ்வளவு பெரிய கடலைத் திரையில் ஓடவிட்ட எனக்கு அந்தத் துண்டு மட்டும் தெரியவில்லை.

அந்தக் குறுக்கு வழி வேண்டாம், சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் திட்ட மாட்டேன், சத்தியமாக.

நீங்கள் முழுசாக வந்து சேர்ந்தால் போதும் என்றிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி