உப்புப் பார்த்த டப்பாக்கள்

3-11-97, திங்கள்

விடியும் முன்பே மழை. ஜங்ஷனில் பஸ் மாறுவதற்குள் தொப்பலாக நனைந்தேன். கேரியர் நனையவில்லை. ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் பார்க்கக் கூட்டம். வேலையற்றவர்கள்.

அக்கா நன்றாகச் சாப்பிட்டாள். கத்தரிக்காய்த் தீயல், பருப்புத் துவையல். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள்.

டாக்டர் நாள் சொல்லிவிட்டார். குடலிறக்கம். அடுத்த திங்கள் ஆபரேஷன். அதன் பிறகு மூன்று வாரம் கனம் தூக்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது. அப்படியானால் பாளையங்கோட்டையிலிருந்து தச்சநல்லூருக்குச் சோறு போவது எப்படி? அதை டாக்டரிடம் கேட்டேன். சிரிக்கிறான். சின்னப் பயல்.

அக்காவுக்கு எழுபத்தொன்பது. கை நடுக்கம். ஆடி மாதம் கொதிநீரைக் கையில் கொட்டிக்கொண்டாள். அன்றைக்கே அடுப்பை அணைத்துச் சொல்லிவிட்டேன், இனி நீ சோறு வடிக்கக் கூடாது, நான் கொண்டுவருகிறேன் என்று. இங்கே வந்து இரு என்றால் வரமாட்டாள். அத்தான் படம், விளக்கு, மதியம் சோறு வைக்கும் காக்கை எல்லாம் அங்கே.

சங்கர் சொன்னான்: "யப்பா, கோமதி காலைல செஞ்சு தரட்டுமே. நான் ஸ்கூட்டர்ல கொண்டு குடுத்திருதேன்."

வேண்டாம் என்றேன். "அவ ஆபீஸ் போறவ, எதுக்குச் சிரமம்" என்று வெளியே சொன்னது. உள்ளே இருப்பது அவனுக்கும் தெரியும்.

4-11, செவ்வாய்

வழி கண்டுபிடித்தாயிற்று. சங்கர் கொடுத்த பழைய பிரிட்ஜ் அக்கா வீட்டில் சும்மாதான் நிற்கிறது, தண்ணீர்ப் பாட்டில் மட்டும். கரண்ட் குக்கரும் இருக்கிறது. சமைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்து மேல் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் கல்லாக உறைந்துவிடும். தினம் ஒன்று. குக்கரில் ஒரு தம்ளர் தண்ணீர், மேலே கிண்ணம், சுவிட்சு. தானாக அணைந்துவிடும். தூக்க வேண்டாம், வடிக்க வேண்டாம்.

பத்திரிகையில் ஒரு பத்தி படித்தேன், அவ்வளவுதான். மற்றது சொந்த மூளை. யாரும் எனக்கு எதுவும் சொல்லித் தந்ததில்லை. எட்டாம் வகுப்போடு அரிசி மில் கணக்குக்கு வந்தவன். சமையலும் அப்படித்தான். வீட்டுக்காரி போன பிறகு, ஐம்பது தடவை கெடுத்துக் கற்றுக்கொண்டது.

6-11, வியாழன்

சோதனை. கீழே மருமகள் ம.வின் பிரிட்ஜில் நான்கு டப்பா வைத்திருந்தேன். (கேட்கவில்லை. சங்கரிடம் சொல்லி வைத்தேன்.) இன்று எடுத்துச் சூடாக்கிப் பார்த்தது:

சொதி - தேங்காய்ப்பால் திரிந்து தண்ணீரும் திப்பியும். கூடாது.
உருளைக்கிழங்கு - பஞ்சு. கூடாது.
கூட்டாஞ்சோறு - பிரமாதம்.
உளுந்தஞ்சோறு - சற்று இறுக்கம். சுடுநீர் தெளித்தால் சரி.

புளிக்குழம்பு, சாம்பார் சாதம் கெடாது என்று தோன்றுகிறது. அக்காவுக்கு எழுத்துத் தெரியாத அளவு கண் மங்கல். சீட்டு ஒட்டிப் பயனில்லை. டப்பாவுக்கு நூல் கட்டப்போகிறேன். சிவப்பு - குழம்பும் சோறும். வெள்ளை - உளுந்து. பச்சை - கூட்டாஞ்சோறு.

எனக்கும் சேர்த்துத்தான் செய்யவேண்டும். ஆபரேஷன் முடிந்து படுத்துக்கொண்டு கீழிருந்து தட்டு வரக் காத்திருக்க என்னால் முடியாது.

7-11, வெள்ளி

காலையிலிருந்து அடுப்படி. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொன்றும் கொதிக்கும்போது ஒரு தடவை, இறக்குமுன் ஒரு தடவை, ஆறிய பின் இரண்டு தடவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு கல் உப்புப் பிசகக் கூடாது. காரணம் இருக்கிறது.

வீட்டுக்காரி இறந்த வருஷம். விருந்தாளிகள் நாலு பேர் பந்தியில். சாம்பாரில் உப்பில்லை என்றேன். ம. கரண்டியும் கையுமாக நின்று சொன்னாள்: "எல்லாருக்கும் சரியாத்தான இருக்கு. மாமாவுக்கு நாக்குல ருசி செத்துப்போச்சு." சிரித்தார்கள். சங்கரும். இலையை மடித்துவிட்டு மாடி ஏறியவன்தான். ஏழு வருஷம். அவள் கைத் தண்ணீர்கூட வாங்கியதில்லை. அவளோடு நேராகப் பேச்சும் இல்லை.

சாயங்காலம் மாடிப்படியில் அவள் குரல், சங்கரிடம்: "கறிவேப்பிலை வேணுமான்னு கேளுங்க. கொல்லைல கிடக்கு." வேண்டாம் என்று இருமினேன். கடையில் வாங்கியது போதும்.

8-11, சனி

சங்கர் ஸ்கூட்டரில் நான் பின்னால், மடியில் டப்பாப் பை. வானம் வெளுத்திருந்தது.

அக்காவுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தேன். நூலைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "ஏலே, நீ பொம்பளையாப் பொறந்திருக்கணும்ல" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த பாராட்டு.

நான் சொன்னேன்: "சும்மா அடைச்சுக் கொண்டுவரல. ஒவ்வொண்ணும் நாலு தடவை நாக்குல வச்சு உப்புப் பாத்தது. குறை சொல்ல முடியாது."

"அப்படியா" என்றாள். எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டினாள். பகல் விளக்குக்கு என்ன அவசரம்?

இன்றைய சாப்பாடு கேரியரில் கொண்டுபோயிருந்தேன். வயிறு மந்தமாக இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சுவரில் காக்கை வந்து கத்திக்கொண்டிருந்தது. எழுந்து சோறு வைக்கவில்லை. மறதி. வயது.

14-11, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. தையல் இழுக்கிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"சாப்பிடுதியா?"
"சாப்பிடுதேன்."
"எப்படி இருக்கு?"
"நல்லா இருக்குல. உடம்பப் பாத்துக்க."

18-11, செவ்வாய்

மாடியில் என் டப்பாவை நானே சூடாக்கிச் சாப்பிட்டேன். கீழ் பிரிட்ஜிலிருந்து சங்கர் எடுத்து வந்து தருகிறான். உளுந்தஞ்சோறு. எள்ளுத் துவையல்தான் இல்லை.

சாயங்காலம் ம. ஆபீஸிலிருந்து வந்து படியடியில் செருப்பைக் கழற்றும் சத்தம். வேண்டுமென்றே சங்கரிடம் உரக்கச் சொன்னேன்: "அக்கா ஒரு குறை சொல்லல. உப்பு கனகச்சிதமாம். நாக்கு யாருக்குச் செத்துப்போச்சுன்னு இப்பத் தெரியட்டும்."

கீழே குழாயைத் திறந்தாள். திருப்தியாக இருந்தது. தூக்கமும் வந்தது.

24-11, திங்கள்

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் சங்கர் கடைக்குப் போனதும் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்தேன். அக்காவைப் பார்த்து இரண்டு வாரத்துக்கு மேல். பையப் போப்பா என்று டிரைவரிடம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

தச்சநல்லூர் வாசலில் ம.வின் செருப்பு.

உள்ளே தாளிக்கும் சத்தம். நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்க நிற்கவில்லை, மூச்சு வாங்கியது. கேட்டது உண்மை.

அக்கா: "அவன்கிட்ட மட்டும் சொல்லிராதட்டி. ஆசையாச் செஞ்சு கொண்டாந்தான்."

ம.: "நான் ஏன் சொல்லுதேன்? அதுக்கும் என்னத்தான் ஏசுவாக."

"இன்னைக்கு எந்த டப்பா எடுத்துட்டுப் போற?"

"சிவப்பு நூலு. வெள்ளிக்கிழமை சாப்பிட்டதுக்கே இன்னும் தண்ணி குடிக்கேன். உப்பா அது அத்தை? ஆபீஸ்ல சுப்புலட்சுமி ஒரு வாய் வாங்கித் தின்னுட்டு, உங்க மாமனாருக்குத் தூத்துக்குடில உப்பளம் இருக்கான்னு கேக்கா."

அக்கா சிரித்தாள். சின்ன வயதில் சிரிப்பதுபோல, மூச்சை இழுத்து.

உள்ளே போனேன். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அக்கா இடது காலில் துணிக்கட்டு.

"ஏலே, நீ என்னத்துக்குல வந்த? தையல் பிரிஞ்சிரும்லா!"

"காலுல என்ன?"

என் சோற்றில் என்ன குறை என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"நான் சொல்லட்டுமா அத்தை?" என்று ம. அடுப்பை அணைத்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "மாமா, நீங்க நாக்குல வச்சு உப்புப் பாத்தேன்னு சொன்னீங்கள்லா? அது எச்சில். எச்சில் பட்ட சோத்த அத்தை காக்காய்க்கு வைக்க மாட்டாக. காக்காய்க்கு வைக்காமத் தானும் சாப்பிட மாட்டாக. அவ்வளவுதான்."

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நம்ம அம்மை நாக்குல வச்சு உப்புப் பாத்து நீ கண்டிருக்கியால? மோந்துதான் பாப்பா."

எங்கே காண்பது? ஆண்பிள்ளைகளை அடுக்களைக்குள் விட்டால்தானே. இலைக்கு வந்ததைத்தான் கண்டேன். மற்றதெல்லாம் நானாகக் கற்றது. இது மட்டும் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

"அப்ப ஆடியிலேர்ந்து நான் கேரியர்ல கொண்டாந்தது?" என்று முட்டாள்போலக் கேட்டேன்.

"அது தெரியாமத் தின்னது. தெரியாமத் தின்னா ஒண்ணும் இல்ல. நீ சொல்லியிருக்கக் கூடாதுல."

மீதியையும் ம.தான் சொன்னாள். என் டப்பாக்களைத் தொடாமல், அதே குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி வைத்துக் காக்கைக்கு முதலில் வைத்துக் குடித்திருக்கிறாள் அக்கா. வெறும் கஞ்சியும் உப்பும். மூன்றாம் நாளோ என்னவோ, பானையைச் சரித்து ஊற்றும்போது காலில் கொட்டிக்கொண்டாள். வடிக்கக் கூடாது என்றுதான் இத்தனை ஏற்பாடும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாத்திரை கொடுக்க வந்த ம. பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் முதல் பஸ். இங்கே வந்து சமைத்துவிட்டு இங்கிருந்தே ஆபீஸ். என் டப்பாவில் ஒன்று அவளுடைய மதியச் சாப்பாடு. "கீழ கொட்டச் சொன்னாக அத்தை. எனக்கு மனசு வரல" என்றாள். அவ்வளவு பேசியதே அதிகம் என்பதுபோலப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பையில் சிவப்பு நூல் தெரிந்தது.

நான் வந்ததைப் பற்றிச் சங்கரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இரவு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

25-11, செவ்வாய்

மழை இல்லை. பேப்பர் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை.

திரும்பத் திரும்ப 18ஆம் தேதி. நான் படி மேலிருந்து கத்துகிறேன். கீழே அவள், அன்று மதியம் என் உப்பைத் தின்றுவிட்டு வந்தவள், குழாயைத் திறக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

திருப்தியாகத் தூங்கினேன் என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. கிடக்கட்டும்.

26-11, புதன்

கடைசி டப்பா, எனக்கு வைத்தது. சூடாக்கினேன். ஒவ்வொரு வாயாக மென்று பார்த்தேன். உப்புச் சரியாகத்தான் இருக்கிறது எனக்கு. அதுதான் பயமாக இருக்கிறது.

28-11, வெள்ளி

காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படியில் இறங்கி நின்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று. "அந்தக் கொல்லைக் குழாய் ஒழுகுது" என்றேன். "சரி மாமா" என்று போனாள்.

அவள் அன்று பந்தியில் வைத்துச் சொன்னது தப்புதான். அதில் மாற்றமில்லை. நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது? தெரியவில்லை.

29-11, சனி

டாக்டர் தையலைப் பார்த்தார். சமைக்கலாம், தூக்கத்தான் கூடாது. நாளை ஞாயிறு. நாளை ஒருநாளாவது அவள் பஸ் ஏறாமல் இருக்கட்டும். நான் சமைக்கிறேன், நீ அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று சங்கரிடம் சொல்லிவிட்டேன். "மறுபடியுமா யப்பா?" என்றான். மறுபடியும்தான். கீழே போய் அவளிடமும் அவனையே சொல்லச் சொன்னேன்.

30-11, ஞாயிறு

வெயில். குளித்துவிட்டுச் சமையல். சோறு ஆயிற்று, அவரைக்காய்ப் பொரியல் ஆயிற்று. அதில் உப்பைக் குத்துமதிப்பாகப் போட்டேன். புளிக்குழம்பு கொதித்தது. கரண்டியில் எடுத்து உள்ளங்கை வரை கொண்டுபோய்விட்டேன், பழக்கம். கரண்டியைக் கழுவி எட்ட வைத்தேன்.

குனிந்து மோந்து பார்த்தேன். புளி மணந்தது. வெந்தயம் மணந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு மறுபடி பார்த்தேன். கண்ணில் ஆவிதான் அடித்தது. கூடவா, குறைவா? கூடிப்போனால் அக்கா வாயைத் திறக்க மாட்டாள், தின்றுவிடுவாள். குறைந்தாலும் அப்படியே.

மாடிப்படி மேலே போய் நின்றேன். கீழே துணி பிழியும் சத்தம். சங்கரைக் கூப்பிட வாயெடுத்தேன். அவனுக்கு என்ன தெரியும்.

"கோமதி."

சத்தம் நின்றது. ஈரக்கையோடு வந்து கீழ்ப்படியில் நின்றாள். "என்னையா மாமா கூப்பிட்டீங்க?"

"இதுல உப்பு இருக்கான்னு வந்து பாரு. நாக்குல வைக்கக் கூடாது."

ஏறி வந்தாள். ஏழு வருஷத்தில் இந்த அடுப்படிக்குள் வந்ததில்லை. சுற்றிப் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள்.

"பத்தாது மாமா."

"எவ்வளவு?"

மூன்று விரலைக் குவித்துக் காட்டினாள். நான் அள்ளியதைப் பார்த்து, "அவ்வளவு வேண்டாம்" என்றாள். பாதியைத் திரும்ப ஜாடியில் போட்டேன். மீதியைப் போட்டுக் கிளறினேன். மறுபடி குனிந்தாள்.

"இறக்கலாம்."

நான் பானையைத் தூக்கக் கூடாது. அவளே இறக்கிவைத்தாள்.