முப்பத்தாறைப் பதினான்கால் பெருக்கியவள்

இன்று காலை கடைக்கு வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், புது பேட்டரி சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "அக்கா, இதுக்கு லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்டாள். "மோட்டார் இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, வேகம் இருவத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்தா வேணாம்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது பதில். உன்னிடம் மட்டும் அது வரவில்லை.

உன் அப்பா உனக்கு பேட்டரி சைக்கிள் வாங்கித் தந்தபோது நாம் சேர்ந்து படித்த பள்ளியை நான் விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் கான்ட்ராக்ட் வேலை போனதும் ஒன்பதாவதோடு நின்று, வடக்குத்து ஊரில் இந்த பேட்டரி சைக்கிள் கடையில் சேர்ந்திருந்தேன். அதுவரை நீ என் சைக்கிள் கேரியரில்தான் உட்கார்ந்து வருவாய். ஒரு மாலை, டவுன்ஷிப் சாலையில் பெடலைத் தொடாமலே என்னைத் தாண்டிப் போய் நின்றாய்.

"இன்னாடி, இப்பிடி மூச்சு வாங்கிகினு வர்ற? என் பின்னாடி ஏறிக்கோ. உன் ஓட்டை சைக்கிளை எவன் தூக்கிகினு போவப்போறான்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடு உனக்கு, டியூஷன் உனக்கு, இப்போது மிதிக்காமல் போகிற சுகமும் உனக்கு.

அப்புறம் ஒருநாள் உன் அப்பா அதைப் பஞ்சர் ஒட்டக் கொண்டுவந்தார். "மத்ததெல்லாம் சரியா இருக்காம்மா?" என்று சும்மாதான் கேட்டார். சீட்டுக்கடியில், மோட்டாருக்குக் கரன்ட் விடும் கன்ட்ரோலர் பெட்டியில் முப்பத்தாறு வோல்ட், பதினான்கு ஆம்பியர் என்று இருந்தது. மனதுக்குள் பெருக்கினேன். பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத நான் அன்று பேசினேன். "அங்கிள், இது ஐந்நூறு வாட்டுக்கு மேல வருது. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா கேஸ் ஆயிடும்."

அவர் முகம் மாறியது. "இருநூத்தம்பதுன்னுதானே சொல்லி வித்தான்? இவளுக்குப் பதினாறு வயசுதாம்மா" என்றார். அன்றே சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "லூசே! அது கிளம்பறப்பவும் மேடு ஏறறப்பவும் செத்த நேரம் இழுக்கிற கணக்கு. ரூல்ஸ்ல அதையா பாக்குறாங்க? சூடாவாம அரை மணி நேரம் ஒரே சீரா இன்னா குடுக்குதோ, அதான் மோட்டாரோட வாட். அந்த சைக்கிள் சரியாத்தான் இருக்குது. போய் அவங்ககிட்ட சொல்லு."

நான் போகவில்லை. நீதான் வந்தாய், மதிய வெயிலில் நடந்து. கோபமாக வருவாய் என்று நினைத்தேன்.

"நிஜமாவே ஐந்நூறாடி? ப்ளஸ் ஒன்ல பிசிக்ஸ் படிக்கிற எனக்கே தெரியல. நீ மட்டும் ஸ்கூல்ல இருந்திருந்தா என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருப்ப" என்றாய்.

அந்த ஒரு பாராட்டுக்காகத் தலையாட்டினேன். ஆமாம், ஐந்நூறுதான் என்று.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் நீ இல்லை. உன் காய்ச்சலுக்கும் என் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசி மூன்று மாதம் நீ அந்த சைக்கிளில் ஏறவே இல்லை.

போன மாதம் உன் அப்பா அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். "வித்துக் குடும்மா. வாங்கறவங்ககிட்ட ஐந்நூறு வாட்டுன்னு சொல்லிடு. தெரியாம மாட்டிக்கப் போறாங்க."

"இல்ல அங்கிள். இது இருநூத்தம்பதுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் தூசியே இல்லாத சீட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப அவ ஓட்டியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். என்னுடையது எதையும் யாரும் அப்படி வீடுவரை தள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். நீ போன பிறகும் உன்மேல் எனக்குப் பொறாமை அடங்கவில்லை.