திரையில் ஒன்று, ஓடுவது ஒன்று

இன்று மதியம் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து விசைப்பலகை நனைந்துவிட்டது. துடைக்கும்போது ஒரு விசை மட்டும் வழுவழுவென்று விரலில் பட்டது. அமுக்கி அமுக்கி அதன் எழுத்தைத் தேய்த்து அழித்தது நீதான்.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு குற்றாலத்து விடுதிகளின் அறைப்பதிவை நாம் இருவரும் பார்த்துக்கொண்ட காலம். தங்கியிருப்பவர்களுக்கு அருவி நிலவரம் அனுப்ப நீ கணினியில் ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட், எழுதியிருந்தாய். அதை ஓட்டுவதற்கு நான் ஒவ்வொரு தடவையும் அதை எழுதித் திருத்தும் எடிட்டரை விட்டு வெளியே வந்து, கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பேன்.

"ஏட்டி, அடுப்படியில நின்னுக்கிட்டு தண்ணி குடிக்க ஆத்துக்குப் போவியா?" என்று சிரித்தாய்.

எடிட்டருக்குள்ளேயே ஒரே விசையில் ஓடும்படி செய்து கொடுத்தாய். முதல் ஓட்டத்தில் செய்தி நம் இரண்டு போனுக்கு மட்டும் வரும். சரியாக இருந்தால்தான் மற்றவர்களுக்கு.

அந்தச் சீசனில் ஒரு சனிக்கிழமை விடுதிக் காவலாளி அண்ணாச்சி பதறிப்போய்க் கூப்பிட்டார். "தண்ணி செவச்செவன்னு வருது தாயி, வெள்ளம் வரப்போவுது. தங்கியிருக்கவங்க பிள்ளையளயும் கூட்டிக்கிட்டுக் குளிக்கப் போறாவ. சொன்னா கேக்க மாட்டேங்காவ."

நீ செய்தியை மாற்றி விசையை அமுக்கினாய். நம் போனில் வந்தது காலையில் அனுப்பிய செய்தி: 'இன்று குளிக்கலாம்.' திரையிலோ 'அருவிக்குப் போகாதீர்கள்' என்று இருந்தது. மறுபடி அமுக்கினாய். மறுபடியும் 'குளிக்கலாம்.'

நீ திரையின் மேலே விரலை வைத்தாய். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மாற்றியதைச் சேமிக்கவில்லை; பழைய கோப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணுக்குத் தெரியுதது ஒண்ணு, ஓடுதது ஒண்ணுட்டி." அன்று நீ சிரிக்கவில்லை.

சேமித்து, சோதித்து, அனுப்பினாய். "திரும்பி வாராவ" என்று அண்ணாச்சி சொல்லும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நீ போன பிறகு, தானாகவே சேமித்துக்கொண்டு ஓடும்படி அதை மாற்றிவிட்டேன். சோதனைச் செய்தி இப்போது என் போனுக்கு மட்டும்தான் வருகிறது.

இன்றும் தண்ணீர் சிவந்து, அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. "அனுப்பியாச்சா, அனுப்பியாச்சா" என்று அவர் கத்த, "பொறுங்க அண்ணாச்சி" என்றேன். திரையில் சரியாக இருந்தது. போனிலும் சரியாக வந்தது. ஆனாலும் விரல் உடனே இறங்கவில்லை.

உன் வேகம் எனக்கு வரவே இல்லை. அன்று உன் முகத்தில் பார்த்த பயம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எதை அனுப்பினாலும், முதலில் அதைப் பெறப்போகிறவளாக நின்று ஒரு தடவை வாசிக்கிறேன்: தோளில் துண்டும் கையில் பிள்ளையுமாக, அருவிப் பாதையில் பாதி தூரம் போய்விட்டவளாக.