இரண்டில் எது ஃபிலிம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று என்னை நிற்க வைத்தார்கள்.

வர வேண்டிய மாடல் வரவில்லை. படத்தை இயக்குபவரும் கேமரா பிடிப்பவரும் ஒருவரேதான். நான் அவருக்குக் கம்பளி என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்த அறையிலும் அந்தக் கம்பளித் தொப்பியைக் கழற்றுவதில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார். "சும்மாதானே உக்காந்திருக்கு. அதை நிக்க வைங்க."

அது. நான் என்ன நாற்காலியா?

சண்டை அவர்களுக்குள். கம்பளிக்குப் புதுப் படத்தை ஃபிலிமில்தான் எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் டிஜிட்டல் போதும் என்கிறார். கடைசியில் பந்தயம் மாதிரி ஓர் ஏற்பாடு. ஒரே முகத்தை, ஒரே வெளிச்சத்தில், இரண்டு கேமராவிலும் எடுப்பது. டிஜிட்டலை எங்கள் ஸ்டுடியோ ஃபிலிம் மாதிரி மாற்றித் தருவது. எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டும்போது கம்பளி ஏமாந்தால் டிஜிட்டல். படத்தின் கலர் வேலை முழுவதும் எங்களுக்கு. என் வேலையும் நிரந்தரமாகும். நான் உதவிக்கு இருக்கும் கலரிஸ்ட் சார் தன் வாயால் சொன்னார். ஏமாறாவிட்டால் ஃபிலிம் வேறு ஊர் லேபுக்குப் போகும், நான் வீட்டுக்குப் போவேன்.

ஃபிலிம் ஓடியபோது ஒருத்தரும் இருமக்கூட இல்லை. டிஜிட்டலுக்கு, "ஓடட்டும் ஓடட்டும்" என்று விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போன் பேசப் போய்விட்டார்கள். கால் கடுக்க நின்றேன். நடுவில் கம்பளி வந்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரை என் கன்னத்தருகே பிடித்து, தன் உதவியாளரிடம் சொன்னார்: "இந்த மூஞ்சிக்கு எவ்ளோ லைட் போட்டாலும் குடிச்சிடும்பா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேனா? இல்லை என்று நினைக்கிறேன்.

இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். அப்பா பெருமையாக, "பொண்ணு சினிமாவுக்குக் கலர் போடுது" என்றார்.

"அப்ப பெயின்டர்னு சொல்லு. அதுக்கா காலேஜு?"

அம்மா பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். அத்தை போனதும் கேட்டாள்: "வேலை நிலைச்சிடுச்சாடி?"

"சொல்லிருக்காங்கம்மா."

"சொல்றதுக்கு என்ன காசா பணமா."

பிப்ரவரி 11, புதன்

ஃபிலிமைக் கழுவி, கம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய திரையில் போட்டோம். சுவர் அளவுக்கு என் முகம். மூக்கோரத்து அம்மைத் தழும்பில் ஒரு கை நுழையும். ஓடிவிடலாம் போல இருந்தது. கண்ணாடியையே அரை நிமிடத்துக்கு மேல் பார்க்காதவள் நான்.

ஆனால் அழகு. முகத்தைச் சொல்லவில்லை, ஃபிலிமைச் சொல்கிறேன். இருட்டு கரியாக இல்லை; உள்ளே போனால் இன்னும் இடம் இருக்கும் போல இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் சட்டென்று வெளுக்காமல் மெல்லக் கரைகிறது. எல்லாவற்றின் மேலும் அந்த மணல், கிரெயின், உயிருள்ளது மாதிரி ஊர்கிறது.

டிஜிட்டலில் துல்லியத்தைக் குறைத்தேன். இருட்டைத் திறந்தேன். ஜன்னலைச் சுற்றிக் கொஞ்சம் செம்மை கசிய விட்டேன். மேலே கிரெயின். சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"பிளாஸ்டிக்."

எங்கே பிளாஸ்டிக் என்று கேட்கலாமல்லவா? கேட்கவில்லை. "சரி சார்" என்றேன். என் வாயில் எப்போதும் தயாராக இருப்பது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

பிளாஸ்டிக். மறுபடியும்.

பிப்ரவரி 16, திங்கள்

"காலேஜ்ல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க உனக்கு?" என்றார் சார். தேநீர் கொண்டு வந்தவர் முன்னால். என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள்; எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படித்து வந்து உன் மாதிரி ஆளிடம் பொறுமையாக நிற்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை மட்டும் நானாகக் கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

இரண்டையும் நிறம் எடுத்துவிட்டு, கிரெயினும் எடுத்துவிட்டு, வெறும் கறுப்பு வெள்ளையில் பக்கத்துப் பக்கத்தில் ஓட விட்டேன். அப்போதும் எது ஃபிலிம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எப்படித் தெரிகிறது? அடையாளம் சொல்லக்கூடியது எல்லாவற்றையும் எடுத்தாயிற்றே.

முகம்.

ஃபிலிமில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். விலை உயர்ந்த சரக்கு ஓடுகிறது, நம்மால் கெட்டுவிடக் கூடாது என்ற பயம். டிஜிட்டலில் இருப்பது பஸ் வராத பஸ் ஸ்டாப்பில் நிற்கிற முகம். எத்தனை மணலைக் கொட்டினாலும் அந்த முகம் மாறுமா?

இத்தனை நாள் நான் வேலை செய்தது டிஜிட்டலில் சார் வெட்டிக் கொடுத்த துண்டு. மீதி ஓடியதை யாரும் பார்க்கவே இல்லை. நான் முழுவதும் பார்த்தேன். நடுவில் ஒரு முதுகு வந்து திரையை மறைக்கிறது. தொப்பி. மீட்டர். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். முதுகு விலகுகிறது. நான் நிற்கிறேன், லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டு. எனக்கு இப்படியும் பார்க்கத் தெரியுமா?

அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து, நேற்றைய கிரெயினையே அப்படியே போட்டேன். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா. இப்பதான் வருது. கிரெயினை ஏத்தினியா?"

"கொஞ்சம் சார்."

ஒரு துளிகூட ஏற்றவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கம்பளி இரண்டையும் மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம் எழுந்து திரைக்கே போய், என் கன்னத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் ஃபிலிம். இந்த ஆழத்தைப் பாருங்க. உள்ள என்னமோ ஒண்ணு இருக்கு. டிஜிட்டல் சிப்புல எடுத்தா இது வராதுய்யா, தலைகீழா நின்னாலும் வராது."

தயாரிப்பாளர் முதலில் சிரித்தார். சார், "அண்ணே, அது சிப்புதாண்ணே" என்றார். கம்பளி நம்பவில்லை. கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். தொப்பிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டார். பிறகு சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமான கிரெயின்யா."

"ரெண்டு வருஷ உழைப்புண்ணே."

நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரையில் அத்தனை பெரிதாக இருந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மீட்டரோடு வந்து சொன்னது கம்பளிக்கு ஞாபகமே இல்லை.

உள்ளே என்னமோ ஒண்ணு இருக்காமே. இருக்கு. நீ போட்டதுதான்யா அது.

வேலை? "படம் நல்லபடியா போனா ஏப்ரல்ல ஆர்டர்" என்றார் சார். வீட்டில் சொன்னேன். அப்பா அத்தைக்குப் போன் போட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

படப்பிடிப்புக்கு அனுப்பினார்கள். கதாநாயகி புதுசு, பத்தொன்பது வயது, வாயாடி. கேமரா ஓடுகிறது என்ற நினைப்பே இல்லை.

"சார், தொப்பிக்குள்ள முடி இருக்கா சார்?"

கம்பளி சிரித்தார். சிரிக்கிறார்! எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பெருசா பாக்கறப்ப என் பல்லு அசிங்கமா தெரியுதா?"

"இல்ல."

"நெஜமா சொல்லுங்கக்கா. நான் அழ மாட்டேன்."

"நெஜமாதான்."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பயமில்லாத பெண்களைப் பார்த்தால் எனக்கு ஆவதில்லை. யார் இவளுக்கு இவ்வளவு இடம் கொடுத்து வளர்த்தார்கள்?

மார்ச் 18, புதன்

அதே கேமரா. அதே கிரெயின். எல்லா அளவும் டெஸ்ட்டில் வைத்ததேதான். கம்பளி எடுத்தவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது சோப்பு விளம்பரம்" என்றார். "டெஸ்ட்ல இருந்த ஆழம் எங்கய்யா போச்சு?"

சார் கிரெயினை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். அவள் முகத்தில் யாரோ மணலை வாரி அடித்த மாதிரி ஆனது. மணலுக்குள்ளும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பளி போனதும் சார் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு என்னமோ பண்ணியே. அதைப் பண்ணித் தொலை."

மார்ச் 19, வியாழன்

கம்பளியிடம் ஒரே வாக்கியம் போதும். "கேமராவை ஓட விட்டுட்டு, அந்தப் பொண்ணை நாலு பேர் முன்னால ஏதாவது சொல்லுங்க சார்." பல்லைப் பற்றிச் சொன்னால் போதும். அதுகூட எனக்குத் தெரியும்.

அவர் செய்வார். சந்தோஷமாகச் செய்வார். தினமும் செய்வார். அதற்குக் கலை என்று ஒரு பெயரும் வைப்பார். எனக்கு ஆர்டர் வந்துவிடும்.

சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா? நான் என்ன பெரிய தியாகியா? இல்லை. அந்த ஆளுக்கு இதை என் கையால் எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு எனக்கு வலித்தது. அது என் சொத்து. எதற்கு அவருக்குக் கொடுக்க வேண்டும்?

அம்மா இன்றும் கேட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"டெஸ்ட்டுக்கு இந்தப் பொண்ணுதான் பண்ணிருக்கு" என்றார் சார். ரெண்டு வருஷ உழைப்பு ஒரே நாளில் என்னுடையதாகிவிட்டது.

"சொல்லும்மா," என்றார் கம்பளி. முதல் முறையாக 'ம்மா'. "என்ன பண்ணே? தைரியமா சொல்லு."

அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குப் பிறகு இப்போதுதான். சரி சார் என்று வாய் வரைக்கும் வந்தது.

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"தானா வந்துச்சு."

தயாரிப்பாளர் 'ச்சே' என்றார். சார், "இதுங்களை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்றார். கம்பளி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். படப்பிடிப்பிலிருந்து வரும் மெமரி கார்டுகளை நகல் எடுத்து மேலே அனுப்பும் வேலை. ஆர்டர் என்ற பேச்சே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"கீழன்னா?"

"ஏசி கிடையாதும்மா."

"நல்லதுதான். உனக்கு அடிக்கடி சளி புடிக்குது."

கம்பளி என்னென்னவோ செய்து பார்க்கிறார். பழைய லென்ஸ், ஜன்னலில் புகை, பாதி விளக்கை அணைத்துவிடுவது. இன்றைய கார்டில், அழ வேண்டிய காட்சியில் அவள் ஒழுங்காக அழுதாள். 'கட்' சொல்லி முடிப்பதற்குள் கண்ணீரோடு எதற்கோ சிரித்துவிட்டாள். பல்லெல்லாம் தெரிந்தது. ஃபிலிம் மாதிரி ஒரு துளிகூட இல்லை.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். நான் இரண்டு தடவை பார்த்தேன்.